ஒரு பேரேடு, இரண்டு சிறுநீரகம்

ரொம்ப நாளாக எழுத நினைத்த பதிவு. பி.காம். படிக்கிறவனுக்கு மரபணு பற்றி என்ன தெரியும் என்று வகுப்பில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும் :-)

எங்கள் பெரியப்பா வாரம் இரண்டு முறை செம்மேட்டில் பஸ் ஏறி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி டயாலிசிஸுக்குப் போகிறார். ஊசி குத்திக்கொண்டு நாலு மணி நேரம் படுத்திருந்துவிட்டு, அதே 70 வளைவையும் ஏறி வர வேண்டும். ஒருநாள் துணைக்குப் போனபோது கேட்டார்: "ஏன்டா, ஈரலை வெட்டினா திரும்ப வளருமாமே, இந்தக் கிட்னி மட்டும் ஏன்டா வளர மாட்டேங்குது?" எனக்குத் தெரிந்ததெல்லாம் தேய்மானக் கணக்கு. பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன்.

ஒரு சிறுநீரகத்துக்குள் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள், இருக்கின்றன. ஆளுக்கு ஆள் ரொம்பவே வித்தியாசப்படும். சிலருக்கு இரண்டு லட்சம்தான், சிலருக்கு இருபது லட்சம். தாயின் வயிற்றில் 36 வாரம் வாக்கில் உற்பத்தி நின்றுவிடுகிறது. அதன் பிறகு சாகும் வரை புதிதாக ஒன்றுகூட உருவாவதில்லை. எங்கள் பாஷையில் சொன்னால், தொடக்க இருப்பு மட்டும்தான். வரவே கிடையாது, தேய்மானம் மட்டும் உண்டு. குறை மாதத்திலும் எடை குறைவாகவும் பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தொடக்க இருப்பே குறைவாக இருக்கும்.

ஏன் நின்றுவிடுகிறது? இங்கேதான் எனக்கு சுவாரசியம் பிடித்தது.

உடம்பின் ஏறத்தாழ எல்லா செல்லிலும் ஒரே பேரேடுதான் இருக்கிறது. புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000; அவைதான் பக்கங்கள். மூளைச் செல் சில பக்கங்களைத் திறக்கிறது, சிறுநீரகச் செல் வேறு சிலவற்றை. எந்தப் பக்கம், எப்போது, எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள். கருவில் சிக்ஸ்2 என்ற பக்கம் திறந்திருக்கும்வரை, நெஃப்ரானாக மாறக்கூடிய மூலச்செல்கள் கையிருப்பில் இருக்கும். அவை செலவாகித் தீர்ந்தால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

இதையெல்லாம் யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பார்த்தால் அது ஒரு தனி வரலாறு. 1995-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்ணாடிச் சில்லில் 45 மரபணுக்களைப் புள்ளி புள்ளியாக வைத்து, எது எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரே நேரத்தில் அளந்து காட்டினார்கள். ஒரு சின்னக் களைச்செடியின் மரபணுக்கள் அவை. கொஞ்ச வருஷத்திலேயே எண்ணிக்கை ஆயிரக்கணக்காகிவிட்டது. அத்தனை எண்களையும் எந்த ஆய்விதழில் அச்சடிப்பது? 2000-ல் அமெரிக்க அரசின் உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையம் 'ஜியோ' என்ற பொதுக் கிடங்கைத் திறந்தது (நம்ம செல்போன் ஜியோ இல்லை!). 2001-ல், ஒரு சோதனையைப் பதிவு செய்யும்போது குறைந்தபட்சம் என்னென்ன விவரம் தர வேண்டும் என்று ஒரு தரநிலை வந்தது. கணக்கியல் தரநிலை மாதிரியேதான். வவுச்சர் இல்லாத என்ட்ரி செல்லாது! 2002-ல் நேச்சர் இதழ், எண்களைப் பொதுக் கிடங்கில் போட்டால்தான் கட்டுரையை வெளியிடுவோம் என்று சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால் இந்தக் கெடுபிடிதான் பெரிய திருப்பம். நல்ல மனசை மட்டும் நம்பியிருந்தால் பாதிப் பேர் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள்.

2004 கடைசியில் குட்மேப் என்ற பன்னாட்டுத் திட்டம் ஆரம்பமானது. சிறுநீரகம், சிறுநீர்ப்பை, இனப்பெருக்க உறுப்புகள் எல்லாம் கருவில் எப்படி உருவாகின்றன என்று சுண்டெலியில் நாள் நாளாகப் பார்த்து, எந்தச் செல்லில் எந்த மரபணு திறந்திருக்கிறது என்று வரைபடம் போடும் வேலை. முதலில் உட்கார்ந்து ஒவ்வொரு செல் வகைக்கும் ஒரே பெயர் வைத்தார்கள். ஆளுக்கொரு கணக்குத் தலைப்பு வைத்தால் எந்தக் காலத்திலும் ஐந்தொகை ஒத்துவராது, இல்லையா? பிறகு படங்கள். மெல்லிய திசுச் சீவலில், மரபணு வேலை செய்யும் இடம் மட்டும் ஊதாவாகத் தெரியும். காசில்லாமல் யாரும் பார்க்கலாம். மலையில் சிக்னல் இருக்கும் ஒரே இடமான எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து நான் பார்த்தேன்.

வில்ம்ஸ் கட்டி என்று குழந்தைகளுக்கு வரும் ஒரு சிறுநீரகப் புற்றுநோய் உண்டு. 2018-ல் அந்தக் கட்டியின் செல்களை ஒவ்வொன்றாகக் கருவின் சிறுநீரகச் செல்களோடு ஒப்பிட்டார்கள். அவை பிறப்புக்கு முன்பே மூடியிருக்க வேண்டிய பக்கங்களை இன்னும் திறந்து வைத்திருக்கும் செல்கள் என்று தெரிந்தது. 2015-ல் ஆஸ்திரேலியாவில் தட்டில் வளர்த்த குட்டிச் சிறுநீரகம் எந்த வயதுக்குச் சமம் என்பதையும் இப்படிக் கருத் திசுத் தரவுகளோடு ஒப்பிட்டுத்தான் சொன்னார்கள்: முதல் மூன்று மாதக் கரு. எலியும் மனிதனும் ஒன்றல்ல என்பதும் ஒப்பிட்டதில்தான் தெளிவாகத் தெரிந்தது. எலிக்குட்டிக்குப் பிறந்த பிறகும் சில நாள் நெஃப்ரான் உருவாகும். நமக்கு அந்தச் சலுகை இல்லை.

நம் நாட்டில்? உயிரியல் தரவுக்கென்று தேசியக் கிடங்கு ஃபரிதாபாத்தில் திறந்ததே 2022 நவம்பரில்தான். ஆனால் 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. ஒரு வேலை செய்தது. நாலு முதல் ஆறு மாதம் வரையான கருக்களின் மூளைகள் ஐந்தை, 5,132 சீவல்களாகச் செல் அளவுக்குப் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டது. இது முதன்மையாக உடற்கூறு வரைபடம், மரபணுக் கணக்கு அல்ல. ஆனால் மரபணுக் கணக்கைப் பொருத்திப் பார்க்க இடம் தெரிய வேண்டும். அந்த இடத்தைக் காட்டும் படம் தமிழ்நாட்டிலிருந்து போயிருக்கிறது.

இதைப் படிக்கும்போது எங்கள் ஊர் விதை வங்கிதான் ஞாபகம் வந்தது. மரவள்ளி வந்து, கிழங்கெல்லாம் ஜவ்வரிசி ஆலைக்குப் போக ஆரம்பித்ததும் கொல்லிமலையில் சாமையும் தினையும் சுருங்கிவிட்டன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே வேலை செய்து, ஊர்க்காரர்களோடு சேர்ந்து விதை வங்கிகள் வைத்தது. கட்டவெட்டிச் சாமையோ மல்லியச் சாமையோ விதைக்க வாங்கினால், அறுவடையில் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். ஜியோவில் எடுக்கிறவர்களும் தங்கள் எண்களைத் திருப்பிப் போடுகிறார்கள். அங்கே எழுதாத சட்டம், இங்கே எழுதிய சட்டம். ஒரு வித்தியாசம் என்னை உறுத்துகிறது. எங்கள் விதைப் பானையில் எங்கள் மலை இருக்கிறது. அந்தப் பெரிய கிடங்குகளில் இருக்கும் மனிதத் தரவு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது.

போன வாரம் பஸ்ஸில் பெரியப்பாவிடம் போனில் அந்த ஊதாப் படத்தைக் காட்டி, 36 வாரக் கதையைச் சொன்னேன். "அப்ப எங்கம்மா வயித்துல இருக்கும்போதே முடிஞ்சு போன கணக்கா இது?" என்றார். பாதி அப்படித்தான் என்றேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எலியோடதா? அழகாத்தான் இருக்கு" என்று போனைத் திருப்பித் தந்துவிட்டு, காரவள்ளி வரும்வரை தூங்கினார்.