ரப்பர் வளையமும் பவளத்திட்டின் சான்றும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் வரலாறு பெரும்பாலும் கரையிலிருந்தே எழுதப்பட்டுள்ளது. தண்டனைக் குடியிருப்பு, செல்லுலார் சிறை, ஜப்பானிய ஆக்கிரமிப்பு, அகதிகளின் குடியேற்றம் ஆகிய அனைத்திற்கும் ஏடுகளும் வரைபடங்களும் சான்றாக நிற்கின்றன. நீருக்கடியில் உள்ள பவளத்திட்டுகளின் கடந்தகாலத்தைக் கூறும் சான்றுகளோ மிகச் சில. அவற்றுள் முதன்மையான ஒன்று புகைப்படம். அப்புகைப்படத்தின் வரலாறு, அதை எடுத்த கருவியின் வரலாற்றோடு பிணைந்தது.

1957-58இல் ஆஸ்திரிய உயிரியலாளர் ஹான்ஸ் ஹாஸ், ‘சாரிஃபா’ என்னும் பாய்மரக் கப்பலில் மாலத்தீவு, நிக்கோபார் கடற்பகுதிகளுக்கு ஆய்வுப் பயணம் மேற்கொண்டார். மணலில் குழி அமைத்துக் கூட்டமாக வாழும் விலாங்கு மீன்களின் புதிய இனங்கள் இப்பயணத்தின் பயனாக 1959இல் அறிவியல் உலகிற்கு அறிமுகமாயின. அவற்றுள் ஒன்று கப்பலின் பெயரையும் ஹாஸின் பெயரையும் ஒருசேரப் பெற்றது. ரோலைஃப்ளெக்ஸ் கேமராவுக்கான ‘ரோலைமரின்’ என்னும் நீர்புகா உலோக உறையின் உருவாக்கத்திலும் ஹாஸுக்குப் பங்குண்டு. அக்கேமராவின் ஒரு படச்சுருளில் வழக்கமாக 12 படங்களே எடுக்க இயலும். சுருள் தீர்ந்தால் மேலே வந்துதான் ஆக வேண்டும். எனவே, எதைப் படமெடுப்பது என்னும் தேர்வையே கருவியின் அளவு தீர்மானித்தது.

இந்நிலையை மாற்றியது ‘கலிப்ஸோ’. கூஸ்தோவின் தேவைக்காக பெல்ஜியப் பொறியாளர் ஜான் டி வூட்டர்ஸ் வடிவமைத்த இக்கேமரா, தனி உறையின்றியே நீரில் இயங்கியது. 35 மி.மீ. படச்சுருள் என்பதால் 36 படங்கள் வரை கிடைத்தன. 1963இல் நிக்கான் நிறுவனம் இதனை ‘நிக்கோனோஸ்’ என வெளியிட்டது. 2001 வரை நீடித்த இவ்வரிசையின் ஐந்தாம் வடிவம் 50 மீட்டர் ஆழம் வரை தாங்கியது.

இன்றைய சிறிய டிஜிட்டல் கேமராக்களும் இதே கேள்வியை எழுப்புகின்றன. 2019இல் வந்த ஒலிம்பஸ் டிஜி-6 உறையின்றி 15 மீட்டர் வரை தாங்கும். ஆனால் அடிப்படைப் பயிற்சி முடித்த முக்குளிப்பவரே 18 மீட்டர் வரை செல்லலாம். ஆகவே, உடன் ஓர் உறை வாங்குவது ஆடம்பரமன்று. ஆழம் கூடக் கூடச் சிவப்பு நிறமே முதலில் மறைவதால், வெண்சமநிலையைக் கைப்படச் சரிசெய்யும் வசதியும் ரா வடிவில் சேமிக்கும் வசதியும் இன்றியமையாதவை. பவளத்தின் நிறம் திரிந்தால் சான்றின் மதிப்பும் குறையும்.

அறுபது ஆண்டுகளில் கருவி மாறியது. அதனைக் காக்கும் ரப்பர் வளையம் மாறவில்லை. ஒரு முடியோ மணல்துகளோ அதில் சிக்கினால் நீர் புகும். ஆழத்தின் அழுத்தம் வளையத்தை இறுக்குவதால், கசிவு பெரும்பாலும் மேல்மட்ட நீரிலேயே தொடங்குகிறது. எனவே, வெறும் உறையை முதலில் வாளி நீரில் ஆழ்த்திச் சோதிப்பது நன்று. சிலிக்கான் கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். மிகுந்தால் அதுவே மணலை ஈர்க்கும். கரையேறியதும், உப்பு உறைந்து படிகமாகும் முன் நன்னீரில் ஊறவைத்துப் பொத்தான்களை அழுத்தி அலச வேண்டும். தீவின் ஈரக்காற்றில் மூடிய உறைக்குள் கண்ணாடி பனிக்கும் என்பதால் சிலிக்கா ஜெல் பை ஒன்றும் உள்ளே தேவை.

இவை பொழுதுபோக்குக்கான குறிப்புகளாக மட்டும் தோன்றலாம். ஆனால் 2004 டிசம்பர் 26இன் நிலநடுக்கத்தில் வட அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து பவளத்திட்டுகள் வெயிலில் காய்ந்தன. கிரேட் நிக்கோபாரின் தென்முனையோ நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. 2010இன் கோடையில் கடல் வெப்பமுற்றுப் பவளங்கள் வெளிறின. இழந்தது எவ்வளவு என்று கணக்கிட, இழப்புக்கு முந்தைய படம் வேண்டும். அன்று விடுமுறைக்கு வந்த ஒருவர் எடுத்த படமும், நாளும் இடமும் ஆழமும் குறிக்கப்பட்டிருப்பின், இன்று ஆய்வாளருக்குச் சான்றாகும். நீருக்குள் ஜிபிஎஸ் இயங்காது. ஆகவே படகிலேயே இடத்தைக் குறித்துக்கொள்வதும், கேமராவின் கடிகாரத்தைச் சரிபார்ப்பதும் பராமரிப்பின் பகுதிகளே.

ஏட்டுச்சுவடியைக் கரையானிடமிருந்து காத்தவர்களின் உழைப்பால்தான் பழைய நூல்கள் பதிப்புக்கு வந்தன. கடலடிச் சான்றுக்கு அத்தகைய காவல், ஒரு ரப்பர் வளையத்தைத் துடைப்பதிலிருந்து தொடங்குகிறது.