அல்ஜீரிய அரசும் இஸ்லாமிய மீட்பு முன்னணியும் (1988–1992)

வட ஆப்பிரிக்க நாடான அல்ஜீரியாவில் 1988 அக்டோபர் கலவரத்துக்கும் 1992 ஜனவரி ராணுவத் தலையீட்டுக்கும் இடையில் நடந்த அரசியல் மோதல் இது. சுதந்திரம் பெற்றதிலிருந்து ஒரே கட்சியின் பெயரால் ஆண்டுவந்த அரசு, வேறு வழியின்றிப் பல கட்சித் தேர்தலுக்கு இடம் கொடுத்தது. உடனே இஸ்லாமிய மீட்பு முன்னணி என்ற புதுக் கட்சி மளமளவென்று வளர்ந்து நாடாளுமன்றத்தைப் பிடிக்கும் நிலைக்கு வந்தது. ராணுவம் தேர்தலைப் பாதியில் நிறுத்தியது. அதைத் தொடர்ந்து மூண்ட உள்நாட்டுப் போரில் இறந்தவர்கள் ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் வரை இருப்பார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. பிரெஞ்சுப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டு மீட்பு முன்னணியை ‘ஃபிஸ்’ என்றும், ஆளுங்கட்சியான தேசிய விடுதலை முன்னணியை ‘எஃப்எல்என்’ என்றும் சொல்வது வழக்கம். இங்கும் அப்பெயர்களே கையாளப்படுகின்றன.

ஆட்சியாளர்களின் பயம் வெறும் பாசாங்கு அல்ல. ஃபிஸ் தலைவர்கள் சிலரின் பேச்சு யாரையும் கலங்கவைக்கக்கூடியது. ஆனால் அந்தப் பயத்தில் அரசு எடுத்த அடிகளில் பெரும்பாலானவை, அது எதைக் கண்டு பயந்ததோ அதற்கே பலம் சேர்த்தன.

பின்னணி

பிரான்ஸுக்கு எதிராக 1954 முதல் 1962 வரை நடந்த விடுதலைப் போரை வழிநடத்தியது எஃப்எல்என். அந்தப் போரின் புகழே அதன் ஆட்சிக்கு மூலதனமாக இருந்தது. கட்சியின் பின்னால் உண்மையான அதிகாரம் ராணுவத்திடம் இருந்தது. 1965இல் முதல் குடியரசுத் தலைவர் பென் பெல்லாவைக் கவிழ்த்துவிட்டு ஹுவாரி பூமெதியன் ஆட்சிக்கு வந்தார். 1978 இறுதியில் அவர் இறந்தபின் அந்த இடத்துக்கு ஷாத்லி பெஞ்செதீதைத் தேர்ந்தெடுத்ததும் ராணுவமே. எண்ணெய், எரிவாயு வருமானத்தால் இலவசக் கல்வி, மலிவு விலை உணவுப்பொருள், அரசு வேலை எல்லாம் கிடைத்தன. அதற்கு ஈடாக அரசியலில் வாய்திறக்காமல் இருக்கும்படி மக்கள் எதிர்பார்க்கப்பட்டனர். 1986இல் எண்ணெய் விலை சரிந்தபோது இந்த ஏற்பாடு உடைந்தது. நாட்டின் அந்நியச் செலாவணி கிட்டத்தட்ட முழுவதும் எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வந்ததால், சரிவைத் தாங்கிப்பிடிக்க வேறு தொழில் எதுவும் இல்லை.

மக்கள்தொகையில் பெரும்பகுதி இளைஞர்கள். வேலையில்லாமல் நாள் முழுதும் தெருவோரச் சுவரில் சாய்ந்து நின்ற பையன்களைத் தலைநகர் அல்ஜியர்ஸ்வாசிகள் ‘ஹித்திஸ்த்’ என்று அழைத்தார்கள். பள்ளிகளில் அரபுவழிக் கல்வியைப் புகுத்திய அரசு, தன் அலுவலகங்களையும் நிறுவனங்களையும் பிரெஞ்சிலேயே நடத்தியது. அரபியில் படித்துப் பட்டம் வாங்கியவனுக்கு நல்ல வேலையின் கதவு திறக்கவில்லை. பிற்காலத்தில் ஃபிஸ் கூட்டங்களில் நெரிசலாக நின்றவர்களில் கணிசமானோர் இப்படிப்பட்டவர்கள்தான்.

பள்ளிவாசல்களின் கதை தனியே சொல்லத் தக்கது. இஸ்லாம் அரசு மதம் என்பதால் இமாமை நியமித்து, சம்பளம் கொடுத்து, வெள்ளிக்கிழமை உரையையும் கண்காணித்தது சமய அமைச்சகம். ஆனால் கட்டி முடித்த பள்ளிவாசலைத்தான் அமைச்சகம் ஏற்க முடியும். ஆகவே பேட்டைகளில் மக்கள் காசு சேர்த்துக் கட்டிய பள்ளிவாசல்கள் பல, வேண்டுமென்றே குறையாக விடப்பட்டன. மினாரா பாதியில் நிற்கும், சுவர் பூசப்படாமல் இருக்கும், தொழுகை மட்டும் தவறாது நடக்கும். அங்கே பேசும் இமாம் அரசின் ஆள் அல்ல. கட்சி, சங்கம், பத்திரிகை என எல்லா வாசலையும் அடைத்துவைத்த நாட்டில், எதிர்ப்பு குடியேற மிஞ்சிய ஒரே இடமாகப் பள்ளிவாசலை ஆக்கிவைத்தது எஃப்எல்என் ஆட்சியே.

1988 அக்டோபர்

1988 அக்டோபர் 5 அன்று அல்ஜியர்ஸ் இளைஞர்கள் அரசுக் கடைகளையும் அமைச்சக அலுவலகங்களையும் கட்சி அலுவலகங்களையும் தாக்கினார்கள். கலவரம் மற்ற நகரங்களுக்கும் பரவியது. ஜெனரல் காலித் நெஸ்ஸார் தலைமையில் ராணுவம் இறக்கப்பட்டு மக்கள்மீது சுட்டது. இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில் என்பது பொதுவான மதிப்பீடு. அரசு ஒப்புக்கொண்டது இருநூறுக்கும் குறைவு. கைதானவர்கள் சித்திரவதைக்கு ஆளானார்கள். விடுதலைப் போரின் வாரிசு என்று பெருமைகொண்ட படை சொந்த மக்களையே சுட்ட நாளாக அது நினைவில் நின்றுவிட்டது.

கலவரத்தைத் தொடங்கியவர்கள் இஸ்லாமியவாதிகள் அல்லர். சில நாள் கழித்து அவர்கள் அதற்குத் தலைமை ஏற்க முன்வந்தார்கள். அல்ஜியர்ஸின் பாப் எல் வெத் பகுதியின் இளம் பிரசங்கி அலி பெல்ஹாஜ் அப்போதுதான் ஊரறிந்த பெயரானார்.

ஷாத்லி சீர்திருத்தத்தில் இறங்கினார். 1989 பிப்ரவரி 23 அன்று வாக்கெடுப்பில் நிறைவேறிய புதிய அரசியலமைப்பு, கட்சிகள் தொடங்க வழிவிட்டது. சில வாரங்களுக்குள் ஃபிஸ் அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் அரசு அதைப் பதிவு செய்தது. மதத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்ட கட்சிக்குச் சட்டம் இடம் தராதபோதும் ஷாத்லி ஏன் சம்மதித்தார் என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது. எஃப்எல்என்னுக்குள் தன்னை எதிர்த்தவர்களை அடக்க ஃபிஸ் பயன்படும் என்று அவர் கணக்குப் போட்டார் என்ற விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இரு தலைவர்கள்

ஃபிஸ்ஸின் தலைவர் அப்பாஸி மதனி 1931இல் பிறந்தவர், பல்கலைக்கழக ஆசிரியர், பிரிட்டனில் கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1954 நவம்பரில் விடுதலைப் போர் தொடங்கிய உடனேயே கைதாகி, போர்க்காலத்தின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தவர். எனவே ஆளுங்கட்சியின் புகழ் மூலதனத்திலேயே அவரால் பங்கு கேட்க முடிந்தது. இஸ்லாமிய நெறிகளின் வரம்புக்குள் இறையாண்மை கொண்ட ஜனநாயக அரசு என்பது 1954 நவம்பர் 1 பிரகடனத்திலேயே இருந்த குறிக்கோள். அதைக் கைவிட்டவர்கள் நீங்கள், நிறைவேற்ற வந்தவர்கள் நாங்கள் என்றார் மதனி. ஆட்சியாளர்களைச் சங்கடப்படுத்தும் வாதம் இதைவிட வேறு கிடையாது. உச்சத்தில் இருந்த ஜெனரல்கள் சிலர், நெஸ்ஸார் உட்பட, பிரெஞ்சுப் படையில் பணியாற்றிவிட்டுப் போரின் நடுவில்தான் விடுதலைப் படைக்கு வந்தவர்கள். ‘பிரான்ஸின் கட்சி’ என்று எதிரிகள் அவர்களைத் தூற்றியபோது அது உறைக்கவே செய்தது.

பெல்ஹாஜ் வேறு விதம். 1956இல் பிறந்த பள்ளி ஆசிரியர். பிரெஞ்சுக் கல்வியின் வாடையே படாதவர். ஜனநாயகம் இறைமறுப்பு என்று மேடையிலேயே சொன்னார். தேர்தலில் நின்றுகொண்டே தேர்தலின் தத்துவத்தை மறுத்த இந்தப் பேச்சு பெண்களையும் எழுத்தாளர்களையும் இடதுசாரிகளையும் பெர்பர் மொழி உரிமைக்காரர்களையும் உண்மையாகவே பயமுறுத்தியது. அவர்களின் பயத்தையும் ஜெனரல்களின் பயத்தையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. முன்னவர்கள் தங்கள் அன்றாட வாழ்க்கைக்காக அஞ்சினார்கள். பின்னவர்களுக்கு ஈரானின் 1979 இஸ்லாமியப் புரட்சி கண்முன் நின்றது. அதோடு எண்ணெய்ப் பணமும், 1988 துப்பாக்கிச் சூட்டுக்குக் கணக்குக் கேட்கும் ஒரு நாடாளுமன்றமும் நின்றன.

நகராட்சிகள்

1989 அக்டோபர் 29 அன்று அல்ஜியர்ஸுக்கு மேற்கே திபாஸா வட்டாரத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அரசு இயந்திரம் அசையுமுன் ஃபிஸ் தொண்டர்கள் போர்வை, உணவு, மருந்துடன் போய்ச் சேர்ந்தார்கள். ரமலானில் மலிவு விலைச் சந்தை, ஏழை வீட்டுத் திருமணத்துக்கு உதவி, மாணவர்களுக்கு இலவச வகுப்பு என்று பேட்டை பேட்டையாக இது தொடர்ந்தது.

1990 ஜூன் 12 உள்ளாட்சித் தேர்தலில் ஃபிஸ் சுமார் 54 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. ஏறக்குறைய 1,540 நகராட்சி, ஊராட்சி மன்றங்களில் 850க்கும் மேற்பட்டவை அதன் கைக்குப் போயின. அல்ஜியர்ஸ், ஓரான், கான்ஸ்டன்டைன் போன்ற பெரு நகரங்களும் அதில் அடக்கம். ஹோசின் அயித் அஹ்மதின் சோஷலிச சக்திகள் முன்னணி அந்தத் தேர்தலைப் புறக்கணித்திருந்தது.

வென்ற மன்றங்களின் வாசலில் இருந்த ‘மக்களால், மக்களுக்காக’ என்ற குடியரசு வாசகத்தை எடுத்துவிட்டு, ‘இஸ்லாமிய நகராட்சி’ என்ற பலகையை மாட்டினார்கள். சில ஊர்களில் ராய் என்ற வெகுஜன இசைக் கச்சேரிகளுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கடற்கரை உடைக்கும் கட்டுப்பாடு வந்தது. அரசு நகராட்சிகளுக்குத் தரும் நிதியையும் அதிகாரத்தையும் குறுக்கியது. குப்பை அள்ள முடியாத மன்றம் மக்களிடம் கெட்ட பெயர் எடுக்கும் என்பது அதன் கணக்கு. அது ஓரளவு பலித்தது என்பது அடுத்த தேர்தலில் ஃபிஸ்ஸின் வாக்குகள் குறைந்ததில் தெரிந்தது. இந்த வழியில் பொறுமையாகப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை.

1991 ஜனவரியில் வளைகுடாப் போர் தொடங்கியபோது, சவூதியிலிருந்து நன்கொடை பெற்றுவந்த ஃபிஸ், மக்களின் ஈராக் ஆதரவு உணர்ச்சியோடு தானும் சேர்ந்துகொண்டது. பெல்ஹாஜ் ராணுவ உடையில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வாசலுக்குப் பேரணியாகப் போய், தொண்டர்களுக்குப் போர்ப் பயிற்சி கேட்டார். ராணுவத்தின் முற்றத்திலேயே ராணுவ உடையில் ஒரு பிரசங்கி நின்றது ஜெனரல்களின் மனத்தில் ஆழப் பதிந்தது.

தேர்தல் சட்டம்

பிரதமர் மூலூத் ஹம்ரூஷ் அரசு 1991 ஏப்ரலில் கொண்டுவந்த தேர்தல் சட்டம், எஃப்எல்என்னுக்குச் செல்வாக்குள்ள கிராமப்புறத்துக்கும் தெற்குக்கும் மக்கள்தொகைக்கு மிஞ்சிய தொகுதிகளைத் தந்தது. கூடவே இரண்டு சுற்றுப் பெரும்பான்மை முறையையும் வைத்துக்கொண்டது: முதல் சுற்றில் பாதிக்கு மேல் வாக்குப் பெற்றவர் வெல்வார், இல்லையேல் முன்னணியில் உள்ள இருவரும் மீண்டும் மோத வேண்டும். இரண்டாம் சுற்றில் ஃபிஸ்ஸுக்குப் பயந்தவர்கள் எல்லோரும் தங்கள் பக்கம் வருவார்கள் என்று ஆட்சியாளர்கள் நம்பினார்கள். விகிதாச்சார முறை வைத்திருந்தால் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைத்திருக்காது.

சட்டத்தை எதிர்த்து ஃபிஸ் மே 25 அன்று பொது வேலைநிறுத்தம் அறிவித்தது. ஆலைகளில் அது எடுபடவில்லை. ஆனால் அல்ஜியர்ஸ் சதுக்கங்களை ஆயிரக்கணக்கானோர் இரவு பகலாக நிரப்பினார்கள். ஜூன் தொடக்கத்தில் மோதல் வெடித்தது. 5ஆம் தேதி முற்றுகை நிலை அறிவிக்கப்பட்டது, ஹம்ரூஷ் போனார், சித் அஹ்மத் கஸாலி பிரதமரானார். நகராட்சி வாசல் பலகைகளைக் கழற்ற ராணுவம் வந்தபோது மறுபடியும் ரத்தம் சிந்தியது. ஜூன் 30 அன்று மதனியும் பெல்ஹாஜும் கைதானார்கள். அடுத்த ஆண்டு பிலிதா ராணுவ நீதிமன்றம் இருவருக்கும் 12 ஆண்டுச் சிறை விதித்தது.

தலையை வெட்டினால் இயக்கம் சிதறும் என்ற எண்ணம் பொய்த்தது. அப்துல்காதிர் ஹஷானி என்ற இளம் பொறியாளர் தலைமையேற்று, ஜூலையில் பாத்னா மாநாட்டில் கட்சியை ஒன்றுசேர்த்து, தேர்தல் பாதையிலேயே நிறுத்தினார். ஃபிஸ்ஸின் வரலாற்றில் அரசியல் பேச்சுக்கு மிகவும் ஏற்ற தலைமை இதுதான்.

1991 டிசம்பர், 1992 ஜனவரி

டிசம்பர் 26 முதல் சுற்றில் ஃபிஸ் 188 இடங்களை வென்றது. சோஷலிச சக்திகள் முன்னணி 25 இடங்களைப் பெற்றது. மூன்று பத்தாண்டுகள் ஆண்ட எஃப்எல்என்னுக்குக் கிடைத்தவை இருபதுக்கும் குறைவு. மொத்தம் 430 இடங்களில் பெரும்பான்மைக்கு ஃபிஸ்ஸுக்கு இன்னும் 28 போதும்.

வாக்குக் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. ஃபிஸ் பெற்றது சுமார் 32 லட்சம் வாக்குகள். 1990இல் பெற்றதைவிட ஏறத்தாழ பத்து லட்சம் குறைவு. செல்லுபடியான வாக்குகளில் 47 விழுக்காட்டை ஒட்டிய அளவு; பதிவான வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்கு. முடிவான தொகுதிகளில் ஐந்தில் நான்கை அது அள்ளியதற்குக் காரணம் அரசே விரும்பி வைத்துக்கொண்ட தேர்தல் முறை. வளர்ந்துகொண்டே போகும் வெள்ளம் என்று ஆட்சியாளர்கள் கண்ட இயக்கம், உண்மையில் சரியத் தொடங்கியிருந்தது.

ஜனவரி 2 அன்று அயித் அஹ்மத் அழைப்பில் அல்ஜியர்ஸில் லட்சக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். போலீஸ் ராஜ்யமும் வேண்டாம், மதவாத ராஜ்யமும் வேண்டாம் என்பது அவர்களின் முழக்கம். இரண்டாம் சுற்றில் வாக்களித்து நிலைமையை மாற்றலாம் என்றார் அயித் அஹ்மத். தேர்தலை நிறுத்தும்படி கேட்ட தொழிற்சங்கத் தலைமையும் வேறு அமைப்புகளும் அதே ஊர்வலத்தைத் தங்களுக்கான ஆதரவாகக் காட்டின.

ஜெனரல்கள் அதற்குள் முடிவெடுத்திருந்தார்கள். பாதுகாப்பு அமைச்சர் நெஸ்ஸாரும் உள்துறை அமைச்சர் லர்பி பெல்கெய்ரும் இதில் முன்னின்றவர்கள். ஜனவரி 11 அன்று ஷாத்லி தொலைக்காட்சியில் பதவி விலகலை அறிவித்தார். நாடாளுமன்றம் ஏற்கெனவே கலைக்கப்பட்டிருந்ததால், சட்டப்படி அந்த இடத்துக்கு வர யாரும் இல்லை. ஆலோசனை சொல்வதற்கென்றே இருந்த உயர் பாதுகாப்புக் குழு, மறுநாள் கூடி இரண்டாம் சுற்றை ரத்து செய்தது. ஐந்து பேர் கொண்ட உயர் அரசுக் குழு அமைந்தது. அதற்கு மரியாதை சேர்க்க, மொராக்கோவின் கெனித்ரா நகரில் செங்கல் ஆலை நடத்திக்கொண்டு நெடுங்காலம் நாடுகடந்து வாழ்ந்த விடுதலைப் போர் முன்னோடி முகம்மது பூதியாஃபை அழைத்து வந்தார்கள்.

ஹஷானி தொண்டர்களை அமைதி காக்கச் சொன்னார். ஜனவரி 22 அன்று அவரும் கைதானார். பிப்ரவரி 9 அன்று அவசரநிலை வந்தது, மார்ச் 4 அன்று ஃபிஸ் நீதிமன்றத்தால் கலைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றி சஹாரா முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவற்றுள் ஒன்று, 1960இல் பிரான்ஸ் தன் முதல் அணுகுண்டைச் சோதித்த ரெகான் பகுதியில் இருந்தது. வாக்குச் சீட்டை நம்பச் சொன்னவர்கள் முகாமில் அடைபட, வாக்குச் சீட்டை ஆரம்பத்திலிருந்தே ஏளனம் செய்த ஆயுதக் குழுக்களின் பேச்சுக்கு அங்கே செவிகள் கிடைத்தன.

பின்னர்

1992 ஜூன் 29 அன்று அன்னாபாவில் மேடையில் பேசிக்கொண்டிருந்த பூதியாஃபை அவரது பாதுகாப்பு அதிகாரியே சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டுகளில் ஆயுத இஸ்லாமியக் குழு என்ற அமைப்பு பத்திரிகையாளர்களையும் ஆசிரியர்களையும் பெண்களையும் வெளிநாட்டவரையும் கொன்றது. அரசுப் படைகள் பிடித்துச் சென்ற ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. ஃபிஸ், எஃப்எல்என், சோஷலிச சக்திகள் முன்னணி உள்ளிட்டவை 1995 ஜனவரியில் ரோம் நகரில் கூடி ஒரு சமாதான ஆவணத்தில் கையெழுத்திட்டன. அரசு அதை ஒட்டுமொத்தமாக நிராகரித்தது. 1997இல் அல்ஜியர்ஸை ஒட்டிய ராயிஸ், பெந்தல்ஹா கிராமங்களில் நடந்த படுகொலைகளில் குழந்தைகளும் தப்பவில்லை.

சிறையிலிருந்து வெளிவந்த ஹஷானி 1999 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட தேசிய நல்லிணக்கச் சாசனமும் அதைத் தொடர்ந்த 2006 ஆணையும் ஆயுதம் ஏந்தியவர்கள் பலருக்கு மன்னிப்பும், அரசுப் படைகளுக்குச் சட்டப் பாதுகாப்பும் அளித்தன. அந்தக் காலத்தைப் பற்றி அரசுக்கு இழுக்காகப் பேசுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கின. காணாமல்போனவர்களின் தாய்மார்கள் மகன் எங்கே என்று கேட்பதும் இந்தச் சட்டத்தின் நிழலில்தான். அவசரநிலை 2011 பிப்ரவரியில் நீக்கப்பட்டது. ஃபிஸ் மீதான தடை நீடிக்கிறது. மதனி 2019இல் தோஹாவில் இறந்தார். நெஸ்ஸார்மீது சுவிட்சர்லாந்து அரசு வழக்குத்துறை 2023 ஆகஸ்டில் போர்க்குற்ற வழக்குத் தொடுத்தது. விசாரணை தொடங்குமுன், அதே ஆண்டு டிசம்பரில் அவர் இறந்தார்.