காளிதாஸ் ஊர்வலமும் ஒரு தப்பான தீபாவளியும்

எங்கள் டிபார்ட்மென்ட் சுவர்ப் பலகையில் 'இந்த நாளில்' என்று ஒரு மூலை இருக்கிறது. மாதாமாதம் யார் தலையிலாவது அதைக் கட்டிவிடுவார்கள். ஒரு அக்டோபரில் என் தலை சிக்கியது. யானைக்கவுனிக்காரன் வேறு என்ன எழுதுவான்? "அக்டோபர் 31, 1931. தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் தீபாவளியன்று சென்னையில் வெளியானது" என்று அழகாக எழுதி ஒட்டினேன். எங்கே தேடினாலும் அப்படித்தான் இருந்தது. காப்பி அடிக்கக் கஷ்டமே இல்லை.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வால்டாக்ஸ் ரோட்டு பார்சல் ஆபீஸ்களில் மூட்டை தூக்கியே எங்களை ஆளாக்கியவர். கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "தீபாவளின்னா அமாவாசையை ஒட்டித்தான்டா வரும். அன்னிக்கு அமாவாசையா, பாத்தியா?"

பார்க்கவில்லை :-)

முதலில் படத்தைப் பற்றிக் கொஞ்சம். பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி 1931 மார்ச் 14 அன்று 'ஆலம் ஆரா'வை வெளியிட்டது. இந்தியாவின் முதல் பேசும்படம் அது. அதே கம்பெனி அதே வருஷம் நமக்காக எடுத்ததுதான் காளிதாஸ். டைரக்டர் எச்.எம்.ரெட்டி. முட்டாள் ஒருவனை ஏமாற்றி இளவரசிக்குக் கட்டி வைக்கிறார்கள், காளி அருளால் அவன் கவிஞனாகிறான் என்கிற பழைய கதை. இளவரசியாக டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, காளிதாசனாக பி.ஜி.வெங்கடேசன் தெலுங்கில் பேச, எல்.வி.பிரசாத் இந்தியில் பேசினார் என்கிறார்கள். பாட்டும் கதம்பம்தான். ஒரு பக்கம் தியாகராஜர் கீர்த்தனை, இன்னொரு பக்கம் மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய காந்தி, ராட்டைப் பாட்டு. காளிதாசன் காலத்தில் காங்கிரஸ் ஏது என்று யாரும் கேட்கவில்லை போல. இதனால் "இது தமிழ்ப் படமே இல்லை" என்று சண்டை பிடிப்பவர்களும் உண்டு. அதற்குள் நான் போகவில்லை. ஆனால் ராஜலட்சுமி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் அதோடு நிற்கவில்லை. 1936இல் 'மிஸ் கமலா'வை எடுத்து, தமிழில் படம் இயக்கிய முதல் பெண் ஆனார். அந்த வருஷத்தை எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

இனி நம்ம ஏரியா. படப்பெட்டி ரயிலில் சென்ட்ரலுக்கு வந்தபோது ஆயிரக்கணக்கான பேர் கூடி, வால்டாக்ஸ் ரோடு வழியாகப் பெட்டியோடு ஊர்வலமாகப் போனார்களாம். ரோஜா இதழ் தூவி, தேங்காய் உடைத்து, ஊதுவத்தி கொளுத்தி, சாமி புறப்பாடு மாதிரி! சென்ட்ரலிலிருந்து அந்த ரோட்டில் வடக்கே நடந்தால் யானைக்கவுனி. அங்கிருந்து தங்கசாலைத் தெரு கூப்பிடு தூரம். படம் ஓடிய கினிமா சென்ட்ரல் அந்தத் தெருவில்தான் இருந்தது. பிற்பாடு முருகன் தியேட்டர் என்று பேர் மாறியது. தாத்தா படம் பார்த்ததெல்லாம் முருகனில்தான்.

(வால்டாக்ஸ் என்ற பேருக்கே ஒரு கதை உண்டு. ஹைதர் அலிக்குப் பயந்து வெள்ளைக்காரன் ஊரைச் சுற்றி மதில் கட்டினான். அந்தச் செலவுக்கு ஜனங்களிடம் வரி போட நினைத்தான். வரி வசூலாகவே இல்லை, பேர் மட்டும் தங்கிவிட்டது. யானைக்கவுனி அந்த மதிலின் ஒரு வாசல். வராத வருமானத்தின் பேரில் ஒரு ரோடு. பி.காம் படிப்பவனுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.)

தாத்தா கேள்விக்கு வருவோம். 1931 பஞ்சாங்கம் கையில் இல்லை. ஆனால் அந்த வருஷம் அக்டோபர் 11இல் ஒரு சூரிய கிரகணம் நடந்திருக்கிறது. சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டும்தான் வரும். அதிலிருந்து இருபத்தொன்பதரை நாள் கூட்டினால் அடுத்த அமாவாசை நவம்பர் 9 வாக்கில். ஐப்பசி அமாவாசை அதுதான். தீபாவளியும் அதை ஒட்டித்தான் வந்திருக்கும். அக்டோபர் 31 சனிக்கிழமை. பௌர்ணமி முடிந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் பாக்கி!

அப்போ தேதியே தப்பா? அப்படியும் தெரியவில்லை. சுதேசமித்திரன் அக்டோபர் 29 இதழிலேயே படத்தைப் பற்றி எழுதிவிட்டது. தேதி நிற்கிறது, தீபாவளிதான் விழுகிறது. பெரிய படமென்றால் தீபாவளி ரிலீஸ் என்று நமக்குப் பழகிவிட்டதால் பிற்பாடு யாரோ சேர்த்துவிட்டார்கள் என்பது என் யூகம்.

சின்ன விஷயம்தானே என்பவர்களுக்குத் தெலுங்குக்காரர்கள் கதை. அவர்களுடைய முதல் பேசும்படம் 'பக்த பிரகலாதா'. டைரக்டர் அதே எச்.எம்.ரெட்டி. 1931 செப்டம்பர் 15இல் வெளியானது என்று வருஷக்கணக்காகக் கொண்டாடி வந்தார்கள். ரெண்டாலா ஜெயதேவா என்ற பத்திரிகையாளர் பழைய ஆதாரங்களைத் தோண்டினார். சென்சார் சர்டிபிகேட்டே 1932 ஜனவரி 22 தேதியில்தான் இருந்தது. படம் வந்தது 1932 பிப்ரவரி 6. மொத்தக் கொண்டாட்டத்தையும் நகர்த்த வேண்டியதாகிவிட்டது.

ஆடிட்டிங் வகுப்பில் முதலில் சொல்லித் தருவது, வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே என்பது. காளிதாஸ் விஷயத்தில் பெரிய வவுச்சரே இல்லை. படத்தின் பிரதி எதுவும் தப்பிப் பிழைத்ததாகத் தெரியவில்லை. ஆலம் ஆராவுக்கும் அதே கதிதான். பூ தூவி வரவேற்ற பெட்டியைப் பத்திரமாக வைக்க ஒரு அலமாரி இல்லாமல் போயிற்று. மிச்சம் இருப்பது பத்திரிகைத் துண்டுகளும் சில போட்டோக்களும் நாம் திரும்பத் திரும்ப எழுதும் ஒரு தேதியும்தான். அதிலும் நான் ஒரு தப்பை ஒட்டி வைத்திருந்தேன். 2031இல் நூறு வருஷம் ஆகும்போது எத்தனை பேனரில் அந்தத் தீபாவளி வருமோ.

மறுநாள் காலேஜுக்குச் சீக்கிரம் போய், 'தீபாவளியன்று' என்ற வார்த்தை மேல் ஒரு வெள்ளைப் பேப்பர் துண்டை ஒட்டினேன். மதியம் பார்த்தால், அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க யாரோ அதைப் பாதி கிழித்திருந்தார்கள்.