கண்ணுக்குத் தெரியாத உடம்பு



துக்க வீட்டில் பதினாறாம் நாள் படையல் போடும்போது, "உடம்பைத்தான் எரிச்சாச்சே, அப்புறம் யாருக்குச் சோறு?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. "ஆவி வந்து சாப்பிடும், சும்மா இரு" என்று அதட்டிவிடுகிறோம். பிள்ளை பயந்து போகிறது. ஆனால் நம் முன்னோர் யாரையும் பயமுறுத்தாமல் இக்கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள். அந்த வரலாற்றைச் சற்றுப் பாருங்கள்.

தைத்திரீய உபநிடதம் மனிதனை ஐந்து உறைகளாகக் காட்டியது. வெளியே இருப்பது உணவால் ஆன உடம்பு. அதற்குள்ளே பிராணன், மனம், அறிவு, ஆனந்தம் என ஒன்றனுள் ஒன்றாக நான்கு உறைகள். பின்வந்த வேதாந்திகள் இவற்றுள் நடுவிலுள்ள மூன்றையும் சேர்த்துச் 'சூக்கும சரீரம்' என்றார்கள்.

சாங்கிய காரிகை இயற்றிய ஈசுவரகிருஷ்ணர் இதனை லிங்க சரீரம் என்றார். ஒரே கூத்தாடி பல வேஷம் கட்டுவதுபோல இது பிறவிதோறும் வேறு வேறு உடம்பு எடுக்கிறதாம். இந்த நூலைப் பரமார்த்தர் என்பவர் 6ஆம் நூற்றாண்டிலேயே சீன மொழியில் பெயர்த்தார்.

நம் சைவ சித்தாந்தம் இதற்குக் கொடுத்த பெயர் புரியட்டகம். சத்தம், பரிசம், உருவம், சுவை, நாற்றம், மனம், புத்தி, அகங்காரம் ஆகிய எட்டும் சேர்ந்தது அது. கவனித்தீர்களா? இந்த எட்டில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை! நாம் கண்டது, கேட்டது, எண்ணியது இவற்றின் சாரம்தான் உயிரோடு செல்கிறது என்பது அவர்கள் கொள்கை. பிள்ளை கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

படங்களில் தாமரை தாமரையாக வரைந்திருக்கும் ஆறு ஆதாரங்களும் இந்தச் சூக்கும உடம்பைச் சேர்ந்தவையே. திருமூலரின் திருமந்திரம் அவற்றைப் பேசுகிறது. 1577இல் வங்காளத்துப் பூர்ணானந்தர் இதுபற்றி வடமொழியில் எழுதினார். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி சர் ஜான் உட்ரோப் அந்நூலை 1919இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். டாக்டர் அறுத்துப் பார்த்தால் அந்தத் தாமரைகள் கிடைக்கமாட்டா. அவை தியானத்திற்கு உரியவை.

ஆகவே பெற்றோர்களே, காய்ச்சல் கண்ட பிள்ளையைக் 'காத்துக் கருப்பு' என்று சொல்லித் திருநீறு மட்டும் பூசிப் படுக்க வைக்காதீர்கள். பருவுடம்புக்குச் சோறும் வேண்டும், மருந்தும் வேண்டும். சூக்கும உடம்புக்கு வேண்டியது நல்ல சொல், நல்ல பழக்கம், கல்வி. வீட்டில் ஏச்சும் சண்டையும் கேட்டால் பிள்ளையின் உள்ளே அதுவே படியும்; பாட்டும் பாடமும் கேட்டால் அவை படியும். நகையும் பணமும் கூட வராது. கூட வருவது இதுதான் என்று நம் பெரியோர் நம்பினார்கள். அதைச் சேர்த்து வைக்கும் இடங்களில் வீடு முதலாவது, பள்ளி இரண்டாவது.