திடல் கண்ட இளைஞர்: வியாசர்பாடிக் கால்பந்தாட்ட அணியின் வரலாறு

காஞ்சி என்றதும் கைலாசநாதர் கோயிலும் ஏகாம்பரநாதர் கோபுரமும் பட்டுப்புடவையும் பிறர் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பற்றி நூல்கள் பல உள. ஆயினும், மதிலுக்கு வெளியேயும் தறிக்குழிக்கு உள்ளேயும் காலம் கழித்த மக்களின் பிள்ளைகள் மாலைப் பொழுதில் என்ன விளையாடினார்கள் என்பதை எந்தத் தலபுராணமும் சொல்லவில்லை. சொல்லும் என்று நாம் எதிர்பார்க்கவுமில்லை. விளையாட்டு ஓய்வுடையவர்க்கே உரியதாக இருந்த நாட்டில், ஓய்வென்பதையே அறியாத மக்களின் பிள்ளைகள் வெற்றி வாகை சூடிய கதையை நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும். அத்தகைய கதை ஒன்று நமக்கு அண்மையிலேயே, இங்கிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், வடசென்னை வியாசர்பாடியில் நிகழ்ந்திருக்கிறது. நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் அதற்கு ஓரிடம் தருவது பொருத்தமென்று கருதுகிறோம்.

அதற்குள் நுழையுமுன் ஒரு முன்னோடியை நினைவுகூர்தல் நம் கடமை. பல்வங்கர் பாலு கால்பந்து வீரரல்லர், கிரிக்கெட் வீரர். தோல்தொழில் செய்யும் சாதியிற் பிறந்த அவர், புனே நகரில் பார்சிகளின் மன்றமொன்றில் திடலைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மாத ஊதியம் 3 ரூபாய். பின்னர் ஐரோப்பியர் மன்றத்தில் 4 ரூபாய். அங்கே வெள்ளையர்கள் மட்டைப் பயிற்சி பெறுவதற்காக நாள்தோறும் பந்து வீசினார். மட்டையைப் பிடிக்க அவருக்கு வாய்ப்பளித்தவர் இலர். அவருடைய பந்துவீச்சின் திறம் கண்டு இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் இடைவேளையில் அவருக்குத் தேநீர் அரங்குக்கு வெளியே, மண்குவளையில் வந்தது. 1911ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதற்குப் பின்னும் அணித்தலைமை அவருக்குத் தரப்படவில்லை. அவருடைய தம்பி விட்டல்தான் 1923இல் இந்துக்கள் அணிக்குத் தலைவரானார். பாலு நாள்தோறும் சீர்செய்த திடல் பாலுவுடையதாக இருக்கவில்லை என்பதை இளைஞர்கள் மனத்திற்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறோம்.

கால்பந்தாட்டத்தின் கதை சற்று வேறானது. மட்டையும் கையுறையும் காலுறையும் அதற்கு வேண்டா. ஒரு பந்து இருந்தால் 22 பேர் ஆடலாம், கால் போதும். ஆங்கிலேயச் சிப்பாய்களும் இரயில்வேயினரும் இந்நாட்டிற்குக் கொண்டுவந்த இவ்வாட்டத்தை ஏழை மக்கள் விரைவில் தமதாக்கிக்கொண்டதற்கு இதுவே காரணம். 1911 ஜூலை 29ஆம் நாள் கல்கத்தாவில் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய மோகன் பகான் அணியில் பதினொருவரில் பதின்மர் வெறுங்காலோடுதான் ஆடினர். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்த இந்திய வீரர்களிலும் பலர் வெறுங்காலினரே. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் ஒரு தமிழருடையது என்பதையும் இங்கே சொல்லிவைப்போம். 1960 உரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக அதனை அடித்தவர் சைமன் சுந்தரராஜ். அதன்பின் இந்திய அணி அந்த அரங்கிற்குள் நுழையவேயில்லை.

வியாசர்பாடியும் அதனை ஒட்டிய புளியந்தோப்பும் பெரம்பூரும் உழைப்பாளர் ஊர்கள். பக்கிங்காம் கர்னாடிக் ஆலையும் இரயில்வே பணிமனைகளும் வடசென்னையின் உயிர்நாடியாக விளங்கின. சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்து, நம் செங்கற்பட்டுச் சீமையிலிருந்தும், நிலமற்ற மக்கள் பிழைப்புத் தேடி அங்கே சென்று குடியேறினர். 1921ஆம் ஆண்டு ஆலை வேலைநிறுத்தத்தின்போது சாதியின் பெயரால் தொழிலாளர் பிளவுபட்டதும், புளியந்தோப்பில் நம் மக்களின் குடிசைகள் எரிந்ததும், அவர்களுக்காக எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் வாதாடியதும் பலரும் அறிந்த செய்திகள், இங்கே விரிக்கவில்லை. நம் பொருளுக்கு வேண்டிய செய்தி அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது என்பதே. தந்தையர் வேலையிழந்த வீடுகளில் பிள்ளைகளின் படிப்பு என்னாகும் என்பதை நாம் எவரும் சொல்லக் கேட்டறிய வேண்டியதில்லை. வியாசர்பாடி என்ற பெயர் நாளேடுகளில் குற்றச் செய்திப் பக்கங்களில் மட்டுமே வந்துகொண்டிருந்தது.

மறு ஆண்டில், 1997இல், உமாபதி, தங்கராஜ் முதலிய நண்பர்கள் சேர்ந்து அவ்வூர்ச் சிறுவர்க்கு இலவசக் கால்பந்துப் பயிற்சியைத் தொடங்கினர். அம்முயற்சி பின்னர் 'குடிசைவாழ் சிறுவர் விளையாட்டுத் திறன், கல்வி மேம்பாட்டுச் சங்கம்' என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு வளர்ந்தது. நீண்ட பெயர்தான், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'எஸ்.சி.ஸ்டெட்ஸ்' என்று சுருக்கமாக வழங்குகின்றனர். அப்பெயரில் 'கல்வி' என்ற சொல் இடம்பெற்றிருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பந்தாட்டத்தைக் கற்பிக்க வந்தவர்கள் மாலைநேரப் படிப்பு வகுப்பையும் அதனோடு இணைத்தே நடத்தினர். பள்ளியை விட்டு நின்ற சிறுவனைப் 'படிக்க வா' என்றழைத்தால் வரமாட்டான். 'ஆட வா' என்றால் வருவான். வந்தவனை மீண்டும் பள்ளிக்கு அனுப்புவது அடுத்த வேலை. இந்த எளிய சூட்சுமத்தைப் பெரிய பெரிய திட்டங்கள் கண்டுபிடிக்காமல் போனது வியப்பே.

முல்லை நகர்த் திடலில் அவர்கள் ஆடிய முறையையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் காலணி கிடையாது. புல்லில்லாத கட்டாந்தரையில் வெறுங்காலோடு ஆடும் சிறுவனுக்குப் பந்தின் எடையும் சுழற்சியும் பாதத்திலேயே தெரிகின்றன. நெருக்கடியான இடத்தில் ஆடிப் பழகியவன், எதிரி நெருங்குமுன் பந்தைத் தோழனுக்குத் தட்டிவிடக் கற்றுக்கொள்கிறான். வறுமையே பயிற்சியாளனாயிற்று என்று சிலர் இதனைப் புகழ்ந்து பேசுவர். நாம் அவ்வாறு சொல்ல மாட்டோம். வெறுங்காலில் ஆடினால் நகம் பெயரும், கண்ணாடிச் சில்லு ஏறும். காலணி இருந்திருந்தால் அவர்கள் இன்னும் நன்றாகவே ஆடியிருப்பர். 'குட்டி பிரேசில்' என்று அவ்வூருக்குப் பத்திரிகைகள் சூட்டிய பெயரும் அன்பினால் வந்ததே. ஆயினும் வியாசர்பாடிக்கு வியாசர்பாடி என்ற பெயரே போதுமானது.

இவ்வணியின் வெற்றியைக் கோப்பைகளால் மட்டும் அளக்கலாகாது. சென்னை லீக் ஆட்டங்களில் இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., சுங்கத்துறை போன்ற நிறுவன அணிகள் நெடுங்காலமாகக் களத்தில் இருந்தவை. லீக்கில் நன்றாக ஆடும் இளைஞன் அந்நிறுவனங்களின் கண்ணில் படுகிறான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு அழைக்கப்படுகிறான். தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் சிறந்த விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஆனால் எந்த வேலைக்கும் ஒரு கல்வித் தகுதி வேண்டும். பந்து வாயில்வரை கொண்டுசெல்லும். உள்ளே விடுவது சான்றிதழ்தான். மாலை வகுப்பின் அருமை அப்போதுதான் பலருக்குப் புலப்பட்டது.

வியாசர்பாடித் தெருக்களில் பந்துதைத்து வளர்ந்தவர்களுள் நாடறிந்தவர் தன்பால் கணேஷ். இந்திய அணிக்காகவும் ஆடிய இவர், சென்னையின் எஃப்.சி. அணியின் நடுக்கள வீரராக விளங்கினார். 2018 மார்ச் 13ஆம் நாள் சென்னை நேரு விளையாட்டரங்கில் இந்தியன் சூப்பர் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். கோவாவில் நடந்த முதல் ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்திருந்தது. இம்முறை ஜெஜெ முதற்கோலை அடித்த சில நிமிடங்களில் கணேஷ் தலையால் முட்டி இரண்டாம் கோலைப் போட்டார். முடிவு 3-0. நான்கு நாட்கள் கழித்துப் பெங்களூரில் அவ்வூர் அணியையே 3-2 என்று வென்று சென்னையின் அணி கோப்பையைக் கைப்பற்றியது. வடசென்னை கொண்டாடியது. ஆனால் அடுத்த பருவம் முழுவதும் முழங்காற் காயம் அவரைத் திடலுக்கு வெளியே நிறுத்திவைத்தது. விளையாட்டு வீரனின் வாழ்வு இத்தகையது. ஒரு மூட்டின் உறுதியை நம்பியிருப்பது. நம் இளைஞர்கள் கோலை மட்டும் பார்த்துவிட்டு இதைப் பாராமற் போதல் கூடாது.

பெண்களும் இவ்வழியில் வந்திருக்கின்றனர். கடலூரில் மாரியப்பன் என்னும் பயிற்சியாளர் ஏழைச் சிறுமியரைக் கொண்டு ஓர் அணியை வளர்த்தார். 2004 ஆழிப்பேரலையால் துயருற்ற குடும்பத்துப் பெண்களும் அவர்களுள் இருந்தனர். இந்திரா காந்தி விளையாட்டு, கல்விக் கழகம் என்பது அவர்தம் அமைப்பின் பெயர். இங்கும் 'கல்வி' உடன்வருவது தற்செயல் அன்று. கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் வீராங்கனையாகவும் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் உயர்ந்தார். 2018இல் கட்டாக்கில் நடைபெற்ற இறுதியாட்டத்தில், பலமுறை வாகை சூடிய மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாட்டு மகளிர் அணி முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது.

இனி நம் ஊருக்கு வருவோம். காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையவேண்டுமாதலால் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் ஒருவரால் எல்லாவற்றையும் ஓட்டவியலாது. பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க ஒரு துணையாள் வேண்டும். அந்தத் துணையாள் பல்லாண்டுக் காலம் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தான். பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாக விடியலிலிருந்து இருட்டும்வரை தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தவர்களுள் சுற்றுச் சிற்றூர்களைச் சேர்ந்த நம் பிள்ளைகள் பலர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலும் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இலும் வந்தபின்னரும் இக்கொடுமை நீடித்ததை 2003ஆம் ஆண்டு வெளிவந்த மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கை உலகறியச் செய்தது. அரசின் நடவடிக்கையாலும் பள்ளிக் கல்வியின் பரவலாலும் அந்நிலை பெரிதும் குறைந்தது. தறியிலிருந்து எழுந்த பிள்ளைக்கு மாலை நேரம் என்ற ஒன்று கிடைத்திருக்கிறது. அதை எங்கே செலவிடுவது என்பதே இப்போதுள்ள கேள்வி.

வியாசர்பாடிக்கு முல்லை நகர்த் திடல் வாய்த்தது. முழு அளவுக் கால்பந்துத் திடலின் நீளம் 105 மீட்டர், அகலம் 68 மீட்டர். ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். எழுவர் ஆடும் ஆட்டத்திற்கு அதிற் பாதியே மிகுதி. இம்மாவட்டத்திலேதான் ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கை, பஞ்சமி நிலங்கள் வழங்கப்படுவதற்கு வழிகோலியது. மாகாணமெங்கும் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் என்பர். அந்நிலங்கள் உழவுக்கும் குடியிருப்புக்கும் தரப்பட்டவை, பந்தாட்டத்துக்கு அல்ல. அவற்றுட் பெரும்பகுதி யார் கைக்குப் போயிற்று என்பது தனிக் கட்டுரைக்குரிய செய்தி. திடலுக்கு வேறு நிலமுண்டு. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் களம், மேய்க்கால் முதலிய புறம்போக்கு நிலங்கள் புல எண்ணோடும் பரப்போடும் 'அ' பதிவேட்டில் குறிக்கப்பட்டுள்ளன. பஞ்சமி நிலங்களின் புல எண்களையும் அதே ஏட்டில் காணலாம். அது கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனு எழுதி அதன் நகலைக் கேட்டுப் பெறலாம். மனு எழுதத் தெரிந்த பிள்ளைகள் இப்போது நம் தெருக்களில் பலர் இருக்கின்றனர்.