தாங்கியினுள் உழைப்பவர்

போர்களின் வரலாற்றை எழுதுவோர்க்கு இரும்பின்மீது ஒரு தனி மோகம் உண்டு. கவசத்தின் தடிப்பு இவ்வளவு, பீரங்கிக் குழாயின் விட்டம் இவ்வளவு, இயந்திரத்தின் வலு இவ்வளவு என்று அவர்கள் அடுக்கிச் செல்வர். அந்த இரும்பினுள் அமர்ந்திருந்த மனிதர் எவ்வாறு மூச்சுவிட்டனர், எங்கே உறங்கினர், விடிந்தது முதல் அடையும்வரை என்ன வேலை செய்தனர் என்னும் வினாக்களுக்கு அவ்வட்டவணைகளில் இடமில்லை. யுத்த தாங்கி ஓர் ஆயுதம் மட்டுமன்று. அது நகர்ந்து செல்லும் ஒரு சிறு தொழிற்கூடமுமாகும். அதனுள்ளும் வேலைப் பிரிவினை உண்டு; வேலைப் பளு உண்டு; விபத்து உண்டு. அத்தொழிற்கூடத்தின் வரலாற்றை அதனுள் உழைத்தவர் பக்கம் நின்று நோக்குவோம்.

1916 செப்டெம்பர் 15ஆம் திகதி பிரான்சின் சொம் போர்க்களத்திலே தாங்கிகள் முதன்முறையாகப் போரிற் புகுந்தன. விவசாய இயந்திரங்கள் செய்துவந்த லிங்கன் நகரத் தொழிற்சாலை ஒன்றிலேயே அவற்றின் முன்மாதிரி உருவாயிற்று. இரகசியம் காக்கும் பொருட்டு, தண்ணீர்த் தாங்கிகள் செய்யப்படுவதாகக் கதை பரப்பினர், அப்பெயரே நிலைத்துவிட்டது. ஏறத்தாழ 28 தொன் நிறையுடைய அவ்வண்டியில் எட்டுப் பேர் இருந்தனர். 105 குதிரைவலு இயந்திரம் தனியறையில் இருக்கவில்லை. எட்டுப் பேரும் நின்ற அதே அறையின் நடுவில் மறைப்பின்றி இயங்கிற்று. உள்ளே வெப்பம் 50 பாகை வரை ஏறிற்று. காபனோரொட்சைட்டு கலந்த புகையைச் சுவாசித்தவர் வாந்தியெடுத்தனர், மயங்கி விழுந்தனர். வண்டியைத் திருப்புவதற்கு மாத்திரம் நால்வர் ஒருங்கே உழைக்கவேண்டியிருந்தது. பேரிரைச்சலிற் பேச்சு எடுபடாமையால், இயந்திர மூடியில் ஓங்கித் தட்டியும் கைகளை அசைத்துமே கட்டளையிட்டனர். வெளியே சன்னம் பட்டபோது உட்புறத்திலிருந்து உலோகத் துகள்கள் தெறித்தன. அதற்காகக் குழுவினருக்குச் சங்கிலிவலை தொங்கும் முகமூடிகள் வழங்கப்பட்டன. இத்தனை அவதிக்கிடையில் அவர்கள் பெற்ற வேகம் மனிதனின் நடை வேகமே.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இயந்திரம் தனியறைக்குச் சென்றது, வேகம் பெருகிற்று. ஆயினும் உள்ளிருப்போர் எவ்வாறு வேலையைப் பங்கிட்டுக்கொள்வது என்னும் வினா கூர்மையடைந்தது. சோவியத் ஒன்றியத்தின் டி-34 தாங்கி அதன் சரிந்த கவசத்துக்கும் அகன்ற சங்கிலித் தடத்துக்கும் புகழ் பெற்றது. அதன் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய மிகயில் கோஷ்கின், 1940ஆம் ஆண்டில் கார்க்கோவிலிருந்து மொஸ்கோ வரை முன்மாதிரி வண்டிகளுடன் கடுங்குளிரில் பயணம் செய்து, நுரையீரல் அழற்சியுற்று, அவ்வாண்டிலேயே மாண்டார். எனினும் அவ்வண்டியின் சுழல்கோபுரத்தில் இருவருக்கே இடமிருந்தது. கட்டளையிடுபவரே பீரங்கியைக் குறிபார்த்துச் சுடவும் வேண்டும். சுடும்பொழுதில் அவர் களத்தை நோக்குவதெப்படி? ஜேர்மனியரின் நடுத்தரத் தாங்கிகளிலோ சுழல்கோபுரத்தில் மூவர் இருந்தமையால், கட்டளையாளர் களத்தைக் காண்பதிலேயே கருத்தூன்ற முடிந்தது. 1944இல் களத்துக்கு வந்த டி-34-85 வண்டியில் மூவருக்கு இடமளிக்கப்பட்டு, குழு ஐவராயிற்று. ஒருவன்மீது இருவரின் வேலையைச் சுமத்தினால் நல்ல இரும்பும் குருடாகிவிடும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுமா?

தாங்கிக் குழுவினரின் நாளிற் பெரும்பகுதி சண்டையிற் கழிவதில்லை, பராமரிப்பிலேயே கழிகின்றது. இன்றும் இதுவே உண்மை. சங்கிலித் தடத்தின் ஆணிகளைத் தட்டிப் பார்க்கவேண்டும், தளர்ந்ததை இறுக்கவேண்டும், தேய்ந்த கண்ணிகளைக் கழற்றி மாற்றவேண்டும். காற்று வடிகளிலே படிந்த புழுதியை உதறவேண்டும். நீண்ட கோலைக் குழுவினர் ஒன்றாகப் பிடித்துத் தள்ளிப் பீரங்கிக் குழாயைத் துடைக்கவேண்டும். எரிபொருள் நிரப்பி, பாரமான எறிகணைகளை ஒவ்வொன்றாகக் கைமாற்றி உள்ளே அடுக்கவேண்டும். இவ்வளவும் முடிந்தபின் இரவுக் காவலை முறைவைத்துப் பங்கிட்டு, எஞ்சிய நேரத்தில் இயந்திரச் சூடு ஆறாத பின்தட்டின்மேல் தார்ப்பாயை விரித்து உறங்குவர்.

கவசம் காப்பது உள்ளிருப்பவனை மாத்திரமே. தடம் அறுந்தால் அதைப் பூட்ட அவன் வெளியே இறங்கியாகவேண்டும். 1941இல் கணவனைப் போரில் இழந்த மரியா ஒக்தியாபிர்ஸ்கயா என்னும் பெண், தம் உடைமைகளை விற்று ஒரு தாங்கிக்குப் பணம் கொடுத்து, அதன் சாரதியாகும் உரிமையையும் கேட்டுப் பெற்றார். 1944 ஜனவரியில் சேதமுற்ற தடத்தைச் சீர்செய்ய வெளியே வந்தபோதே எறிகணைச் சிதறல் அவரைத் தாக்கிற்று. இரு மாதங்களின் பின் இறந்தார். அவரை வீராங்கனை என்று போற்றுவது சரியே. ஆனால் அவர் வீழ்ந்தது தொழிலாளியின் வேலையைச் செய்துகொண்டிருந்த வேளையில் என்பதையும் மறத்தலாகாது.

உணவும் அவ்வாறே அவர்களை வெளியே இழுத்தது. வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் பிரித்தானியப் படையினர் வெட்டிய தகரத்தில் மணலிட்டு, பெற்றோல் ஊற்றிக் கொளுத்தி நீர் கொதிக்கவைத்தனர். 1945இல் தோன்றிய செஞ்சூரியன் தாங்கியிலேதான் உள்ளிருந்தபடியே நீர் கொதிக்கவைக்கும் மின்கலம் பொருத்தப்பட்டது. சிறிய பொருள்தான், ஆயினும் உள்ளிருப்பவனுக்கு வயிறும் உண்டென்பதை வடிவமைத்தோர் ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. போர்க்காலத்தில் பிரித்தானிய அரசாங்கம் இலங்கைத் தேயிலையை மொத்தமாகக் கொள்வனவு செய்தது. எனவே அன்று அந்நாடு அருந்திய தேநீரில் நம் மலையகத்துக் கொழுந்து பறித்த பெண்களின் உழைப்புக்கும் பங்குண்டு. ஒரு குழுவினரின் களைப்பை வேறொரு கூட்டத்தாரின் களைப்பே ஆற்றியது.

போருக்குப் பின்னர், குழுவிலிருந்து ஒருவரை நீக்கும் முயற்சி வலுப்பெற்றது. சோவியத் ஒன்றியத்தின் டி-64, அதன்பின் 1973இல் படையிற் சேர்ந்த டி-72 ஆகியவற்றில் எறிகணை ஏற்றும் வேலையை இயந்திரம் ஏற்றது. குழு மூவராகச் சுருங்கிற்று. வண்டி தாழ்ந்து சிறுத்தது. ஆனால் நான்காமவன் எறிகணை மட்டும் ஏற்றியவனல்லன். தடம் பூட்டவும் காவல் நிற்கவும் அவன் கைகள் வேண்டியிருந்தன. ஆள் குறைந்ததேயன்றி அவ்வேலைகள் குறையவில்லை. மூவர் தலையில் அவை விழுந்தன. தொழிற்சாலைகளிலே புதுப்பொறி வரும்பொழுது நாம் காண்பதும் இதுவன்றோ? மேலும், டி-72இல் 22 எறிகணைகள் குழுவினரின் காலடியிலேயே வட்டமாக அடுக்கப்பட்டிருந்தன. கவசம் துளைக்கப்பட்டு அவை வெடித்தால், சுழல்கோபுரமே தூக்கியெறியப்படும். 1991இல் ஈராக்கில் இக்கோரம் காணப்பட்டது.

அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் தாங்கி வேறு வழியிற் சென்றது. அதில் நான்காமவன் நிலைத்தான். எறிகணைகளிற் பெரும்பாலானவை இரும்புக் கதவுக்கு அப்பாலுள்ள அறையில் வைக்கப்பட்டன. அவ்வறை வெடித்தால் மேற்தகடு பிய்ந்து தீ வெளியே பாயும். இதனைக் கருணை என்று மட்டும் கொள்ளவியலாது. 1973இல் கட்டாயப் படைச்சேவையைக் கைவிட்ட நாட்டுக்குப் பயிற்றப்பட்ட ஒவ்வோர் ஆளும் விலைமிக்கவனானான். மனித உயிரின் பெறுமதி அவ்விரும்பின் வடிவத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் உள்ளே அமர்பவரல்லர்.

1941இல் பகைவர் நெருங்கியபோது கார்க்கோவின் தாங்கித் தொழிற்சாலை, பொறிகளோடும் தொழிலாளரோடும், யூரல் பகுதியிலுள்ள நிஷ்னி தகில் நகருக்குப் பெயர்க்கப்பட்டது. போருக்குப் பின்னர் கார்க்கோவில் டி-64உம் நிஷ்னி தகிலில் டி-72உம் பிறந்தன. 2022இல் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தபோது, ஒரே தொழிற்குடும்பத்தின் இவ்விரு வாரிசுகளும் எதிரெதிரே நின்றன. மேலிருந்து இறங்கும் மலிவான ஆளில்லா விமானங்களுக்கு அஞ்சி, இரு தரப்புக் குழுவினரும் சுழல்கோபுரத்தின்மேல் இரும்புக் கூண்டுகளை ஒட்டவைத்தனர். சிறந்த கவசத்துக்குமேல் மீண்டும் தொழிலாளியின் கைவேலை!

தாங்கியை வியந்து பார்க்க மாணவருக்குப் பல நூல்கள் கற்பிக்கின்றன. அவர் அதன் படத்தைக் காணும்போது ஒரு வினாவை எழுப்புவாராக: இதனுள் எத்தனை பேர், வெளியேறும் வழி எங்கே, எறிகணைகள் யார் காலடியில்? அவ்வினாவிலிருந்தே போரின் உண்மையான வரலாறு தொடங்குகிறது.