சிபிலிஸ்: பரவும் விதமும் தடுப்பும்

சிபிலிஸ், ட்ரெபொனீமா பாலிடம் என்னும் திருகுவடிவ பாக்டீரியாவால் உண்டாகும் பால்வினை நோய். மேகநோய், கிரந்தி, பறங்கிப்புண் என்று தமிழில் வழங்கிய நோய்க்கூட்டத்தில் இதுவும் ஒன்று. பெர்லினில் ஃபிரிட்ஸ் ஷௌடின், எரிக் ஹாஃப்மன் இருவரும் 1905இல் இதன் கிருமியைக் கண்டறிந்தனர். பெனிசிலின் இதைக் குணப்படுத்தும் என்பது 1943இல் தெளிவாயிற்று. அதற்குப் பின்னும் நோய் ஒழியவில்லை. 2022இல் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 80 லட்சம் பேருக்கு இது புதிதாகத் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இந்நோயின் வலிமை அதன் முதல் அறிகுறியிலேயே இருக்கிறது. கிருமி புகுந்த 10 முதல் 90 நாட்களுக்குள், பெரும்பாலும் மூன்று வாரத்தில், புகுந்த இடத்திலேயே ஒரு புண் தோன்றும். விளிம்பு கெட்டியாக இருக்கும்; வலி இராது. ஆண்குறியில் வந்தால் கண்ணில் படலாம். யோனியின் உட்புறத்திலோ, கருப்பைவாயிலோ, ஆசனவாய்க்குள்ளோ, தொண்டையிலோ வந்தால் வந்தது தெரியாது. மூன்று முதல் ஆறு வாரத்தில் அது தானாக ஆறிவிடும். களிம்பு தடவியவர் களிம்பால் ஆறியது என்பார். எதுவும் செய்யாதவர் மறந்துவிடுவார். கிருமி மட்டும் இரத்தத்தோடு உடலெங்கும் பரவியிருக்கும்.

சில வாரங்களில் இரண்டாம் கட்டம் வரும். உள்ளங்கை, உள்ளங்காலிலும்கூட அரிப்பில்லாத தடிப்புகள், காய்ச்சல், நெறிக்கட்டு, திட்டுத்திட்டாக முடி உதிர்தல் ஆகியவை காணப்படும். வாயில் வெண்திட்டுகளும் தொடையிடுக்கில் ஈரமான பருக்களும் தோன்றலாம். இவை மிக எளிதில் தொற்றக்கூடியவை. இவையும் மறைந்தபின் அறிகுறியற்ற காலம் தொடங்கும். சிகிச்சை பெறாதவர்களுள் சிலருக்கு 10, 20 ஆண்டுகள் கழித்து இதயம், மகாதமனி, மூளை ஆகியவை கெடும். கண்ணையும் காதையும் நரம்பையும் எந்தக் கட்டத்திலும் இது தாக்கலாம்.

புண்ணை நேரடியாகத் தொடும் உடலுறவே தொற்றின் முதன்மை வழி. யோனிவழி, ஆசனவழி, வாய்வழி மூன்றும் இதில் அடங்கும். வாய்ப்புணர்ச்சியில் ஆபத்தில்லை என்று நம்பி நோய் வாங்கியவர் பலர். உதட்டில் புண் இருந்தால் முத்தமும் போதும். கழிப்பறை இருக்கை, நீச்சல்குளம், துண்டு, தட்டு, டம்ளர் ஆகியவற்றால் பரவாது; உடலுக்கு வெளியே இக்கிருமி விரைவில் இறந்துவிடும். இந்தியாவில் தானமாகப் பெறும் இரத்தம் முழுவதும் சிபிலிஸுக்குச் சோதிக்கப்படுவதால் அவ்வழித் தொற்று இன்று அரிது.

மிகக் கொடியது தாயிடமிருந்து கருவுக்குப் பரவுவது. சிகிச்சை பெறாத கர்ப்பிணிகளில் 50 முதல் 80 விழுக்காட்டினருக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல், குறைப்பிரசவம், பிறவி சிபிலிஸ் போன்ற ஏதேனும் ஒரு கேடு நேர்கிறது. கர்ப்பம் உறுதியானதும் எடுக்கும் இரத்தப் பரிசோதனைகளில் சிபிலிஸுக்கான விடிஆர்எல் சோதனை இடம்பெறுவது இதனால்தான். நோய் தெரிந்தால் பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பாகப் பெனிசிலின் தொடங்கிவிட வேண்டும். இதை ஒழுங்காகச் செய்து காட்டிய நாடுகள் உண்டு. தாய்-சேய் சிபிலிஸ் பரவலை ஒழித்த முதல் நாடாக 2015இல் கியூபா அங்கீகாரம் பெற்றது. இலங்கை 2019இல் பெற்றது.

தடுப்பூசி இதுவரை இல்லை. ஆணுறை ஆபத்தைப் பெரிதும் குறைக்கும். ஆனால் அது மூடும் இடத்தில் புண் இருந்தால்தான் பயன். விரைப்பையிலோ தொடையிலோ உள்ள புண்ணை அது மறைக்காது. உறவுக்குப்பின் கழுவுவதும் சிறுநீர் கழிப்பதும் காப்பாகாது. ஆகவே தடுப்பின் பாரம் பரிசோதனை மீதே விழுகிறது. புதிய துணையோடு உறவு தொடங்குமுன் இருவரும் சோதித்துக்கொள்வது நல்லது. துணைகள் பலர் உள்ளவர் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். தொற்றிய சில வாரங்கள் வரை சோதனையில் நோய் தெரியாமல் போகலாம் என்பதால், ஐயமிருந்தால் மறுபடி சோதிப்பது அவசியம்.

தொடக்கநிலை நோய்க்கு 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பெனிசிலின் ஒரே ஊசியாகப் போடப்படும். மருத்துவர் அனுமதிக்கும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும். துணைக்கும் சிகிச்சை தேவை. இல்லையேல் நோய் திரும்ப வரும், ஒருமுறை வந்தது மறுமுறை காக்காது. வெட்கத்தால் இதை மறைக்கும் வீடுகளில்தான் ஊசி போட்டவருக்கே மீண்டும் நோய் வருகிறது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களில் பால்வினை நோய்களுக்கான சோதனையும் சிகிச்சையும் இலவசம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கட்டணமில்லா எண் 1097.